பன்றிக் குருளைகளின் கழிச்சல் நோய்

நாய், பன்றி, புலி, முயல் என்னும் நான்கன் இளமைக்கும் குருளை என்னும் பெயர் உரியதென்று தொல்காப்பிய மரபியல் கூறுவதும், பெண்பன்றியைப் பிணவு என்னும் பெயரால் அது குறிப்பதும் தமிழ் பயிலும் மாணாக்கர் யாவரும் அறிந்தனவே. தேர்வுக்கு முன்னாளிரவு இப்பெயர்களை நெட்டுருச் செய்யும் நாம், அப்பெயர்களுக்குரிய உயிர்கள் எங்ஙனம் பிறக்கின்றன, எதனால் மடிகின்றன என்று வினாவுதல் அரிது. பன்றி என்றவுடன் நகைப்பாரும் முகஞ் சுளிப்பாரும் நம்மிடையே உளர். ஆயினும் 2019-ஆம் ஆண்டின் கால்நடைக் கணக்கின்படி நம் நாட்டில் ஏறத்தாழ 90 இலட்சம் பன்றிகள் இருந்தன. அவற்றைக்கொண்டு பிழைக்கும் குடும்பங்களிற் பல கைம்முதல் குறைந்தவை. அன்னோர்க்குப் பெருநட்டம் விளைப்பவற்றுள் ஒன்று, குட்டி ஈன்ற முதல் ஒரு வாரத்துட் காணும் கழிச்சல். அதனை உண்டாக்கும் நுண்கிருமிகளைப்பற்றி யாம் கற்றறிந்தவற்றை ஈண்டு எழுதப் புகுந்தோம். தமிழ்ப்பகுதிக்கு இப்பொருள் ஏலாதென்பார்க்கு, பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தை ஒருமுறை புரட்டிப் பார்க்குமாறு விண்ணப்பஞ் செய்துகொள்ளுகின்றோம்.

அந்நூலிற் பன்றிக்குட்டிக்கு முலைகொடுத்த படலம் என்றொரு படலம் உண்டு. தாய்ப்பன்றி பாண்டியனது வேட்டையில் இறந்துபட, பாலின்றி வாடிய பன்னிரண்டு குட்டிகளுக்கு மதுரைச் சோமசுந்தரக் கடவுள் தாய்ப்பன்றி வடிவங்கொண்டு வந்து பாலூட்டினார் என்பது அதன் கதை. புலவர் அதனை அருளின் பெருமை காட்டும் கதையாகப் பாடினார். கால்நடை மருத்துவம் பயில்வார் அதனைப் படிப்பின் வேறொன்று கண்டு வியப்பர்: தாய்ப்பால் பெறாத பன்றிக்குட்டிக்கு உய்வு இல்லை என்னும் உண்மையின்மேல் அக்கதை முழுதும் நிற்கின்றது. பன்னிரண்டு என்ற எண்ணும் மிகையன்று. நல்ல பிணவு ஓர் ஈற்றிற் பத்தும் பன்னிரண்டும் ஈனுதல் இயல்பு.

பால் எனினும் எல்லாப் பாலும் ஒன்றல்ல. மக்கட் குழவி தாய்வயிற்றில் இருக்கும்போதே நஞ்சுக்கொடி வழியாகத் தாயின் குருதியிலுள்ள எதிர்ப்பொருள்களிற் பெரும்பங்கைப் பெற்றுவிடுகின்றது. பன்றியின் நஞ்சுக்கொடி அத்தகையதன்று. தாயின் குருதிக்கும் கருவின் குருதிக்கும் இடையே பல அடுக்குத் திசுக்கள் சுவர்போல நிற்றலின், எதிர்ப்பொருள்கள் அதனைக் கடந்து செல்லா. ஆகவே 114 நாள் கருவில் வளர்ந்து, ஒரு கிலோவோ ஒன்றரைக் கிலோவோ எடையுடன் வெளிவரும் குருளை, கிருமிகளை எதிர்க்கும் படைக்கலம் யாதும் இன்றியே இவ்வுலகிற் கால்வைக்கின்றது. அதற்கு வேண்டும் படைக்கலமெல்லாம் சீம்பாலில் உள்ளன. முதல் நாளிற் குருளையின் குடல் அவ்வெதிர்ப்பொருள்களைச் சிதையாமல் அப்படியே குருதிக்குள் ஏற்கும் ஆற்றல் உடையது. அவ்வாற்றல் மணிதோறும் குறைந்து, ஒன்றரை நாளைக்குள் அற்றுப்போகின்றது. சீம்பாலின் வளமும் அவ்வாறே முதல் நாளுக்குள் வெகுவாய் இளைத்துவிடும். அன்று ஒவ்வொரு குட்டிக்கும் ஏறத்தாழ 200 கிராம் சீம்பாலேனும் கிட்டவேண்டும் என்பர். பன்னிரண்டு குட்டிகள் முண்டியடிக்கும் மடியில், கடைசியாகப் பிறந்து, எடை குறைந்து, குளிரில் நடுங்கும் குட்டிக்கு அவ்வளவு கிட்டுமா என்பதே கேள்வி. பின்னாள் வரும் கழிச்சலின் கதையிற் பாதி, அந்த முதற் சில மணி நேரத்திலேயே எழுதப்பட்டுவிடுகின்றது.

இனிக் கிருமிகளைக் காண்போம். முதலாவது நிற்பது ஈ-கோலி. 1885-ஆம் ஆண்டில் தியோடோர் எஷெரிக் என்னும் ஜெர்மானியக் குழந்தை மருத்துவர் மக்கட் குழவிகளின் மலத்திற் கண்டு விவரித்த கிருமி இது. நம் குடலிலும் பன்றியின் குடலிலும் இதன் இனங்கள் எண்ணிறந்தன தீங்கின்றி வாழ்கின்றன. அவற்றுட் சில மாத்திரம் கொலைத்தொழில் பூண்டமை எங்ஙனம்? இவ்வினாவுக்கு விடை கண்ட வரலாற்றில் நம் நாட்டார் ஒருவர்க்கு உயரிய இடம் உண்டு. கல்கத்தாவில் வாந்திபேதி நோயை ஆராய்ந்த சம்பு நாத் தே என்பார், முயலின் சிறுகுடலில் ஒரு சிறு பகுதியை இருபுறமும் கட்டி, அதனுட் கிருமியைச் செலுத்தி, குடலில் நீர் சுரந்து பருத்தலைக் காட்டும் முறையை 1953-இல் வெளியிட்டார். 1956-இல் தம் துணைவருடன் அம்முறையையே பேதியுற்றோரிடம் எடுத்த ஈ-கோலிக் கிருமிகளுக்கும் கையாண்டு, அவற்றுட் சிலவும் வாந்திபேதிக் கிருமிபோலவே குடலில் நீரைச் சுரப்பிக்கும் என்று கண்டார். 1959-இல், கிருமியை நீக்கி வடித்தெடுத்த நீரே அச்செயலைச் செய்யும், ஆதலின் நோய்க்கு முதல் கிருமி வெளியிடும் நஞ்சே என்று நிறுவினார். பெரிய பட்டம் பதவிகளை அவர் பெற்றிலர். நோபெல் பரிசு பெற்ற ஜோஷ்வா லெடர்பெர்க் அவர்பெயரை அப்பரிசுக்குப் பரிந்துரைத்தும் அது கைகூடவில்லை. 1985-இல் அவர் காலமானார். நம் பாடநூல்களில் அவர் பெயரை யாம் இதுகாறும் கண்டிலோம்.

கல்கத்தாவில் முயலின் குடலிற் கண்ட உண்மை பன்றிப் பண்ணைக்கும் பொருந்துவதாயிற்று. இங்கிலாந்தில் வில்லியம்ஸ் ஸ்மித் என்பாரும் அவர் துணைவரும் 1967 முதற்கொண்டு பன்றிகளின் ஈ-கோலி நஞ்சுகளை ஆராய்ந்து, வெப்பத்தால் அழிவதொன்றும் அழியாததொன்றுமாக அவை இருவகை என்று காட்டினர். 1971-இல் அவர்கள் வெளியிட்ட சோதனை மிக நயமுடையது. நோய்செய்யும் ஈ-கோலியிடம் இரண்டு ஆற்றல்கள் உள: ஒன்று குடற்சுவரைப் பற்றிக்கொள்ளும் ஆற்றல், மற்றொன்று நஞ்சு சுரக்கும் ஆற்றல். இரண்டும் பிளாஸ்மிட் என்னும் தனித்தனி மரபுத் துணுக்குகளில் அமைந்திருந்தன. பற்றும் ஆற்றலை நீக்கிய கிருமி குருளைக்குப் பெருந்தீங்கு செய்யவில்லை. பால்வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டது போலும். நஞ்சை நீக்கிய கிருமி பற்றிக்கொண்டது, ஆனால் கடுங் கழிச்சலை உண்டாக்கிற்றில்லை. இரண்டும் ஒருங்கமைந்ததே கொல்லும் கிருமி.

பற்றுதற்குக் கருவியாவன கிருமியின் உடல்மேல் மயிரிழைபோல் நீண்டிருக்கும் நார்கள். பிறந்த குருளைகளை வருத்தும் இனங்களில் எப்.4, எப்.5, எப்.6, எப்.41 என்னும் நால்வகை நார்கள் காணப்படும். இவற்றுள் எப்.5, எப்.6 முதலியவை பற்றும் இடங்கள் குருளை வளரவளரக் குறைந்துபோதலின், அவ்வினங்களின் கொடுமை முதல் வாரத்தோடு பெரிதும் அடங்கும். எப்.4 தாய்ப்பால் மறந்த பின்னும் தொடர வல்லது. இதில் வியப்பொன்று: எப்.4 பற்றும் இடம் சில பன்றிகளுக்குப் பிறவியிலேயே இல்லை. 1975-இல் இங்கிலாந்தில் இது கண்டறியப்பட்டது. ஒரே கொட்டகையில் ஒரே கிருமியின் நடுவே ஓர் ஈற்றுக் குட்டிகள் மடிய, மற்றோர் ஈற்றுக் குட்டிகள் ஓடியாடுவதைக் கண்டு திருஷ்டி என்றும் தலையெழுத்து என்றும் பேசுவதற்கு முன் இதனையும் எண்ணுதல் நன்று.

பற்றிய கிருமி எத்துணை விரைவிற் பெருகும் என்பதற்கு ஒரு சிறு கணக்கு. ஏற்ற சூழலில் ஈ-கோலி இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும். தடையின்றிப் பிரியுமாயின் ஏழு மணி நேரத்தில் ஒன்று இருபது இலட்சமாகும். மாலையில் நன்றாயிருந்த குட்டி விடியலில் வாலும் தொடையும் நனைந்து, கண் குழிந்து, தோல் சுருங்கிக் கிடப்பது இதனாலேதான். நஞ்சு குடலைக் கிழிப்பதில்லை, புண்ணாக்குவதுமில்லை. குடற்சுவரின் உயிரணுக்களை மயக்கி, உப்பும் நீரும் உட்செல்லவேண்டிய வழியை வெளிச்செல்லும் வழியாக மாற்றிவிடுகின்றது. கடுமையான நோயிற் குட்டி தன் எடையில் நூற்றுக்கு 30, 40 பங்கு வரை இழப்பதுமுண்டு. இறந்த குட்டியை அறுத்துப் பார்ப்பின், குடலில் நீரும் வயிற்றில் தயிராய் உறைந்த பாலும் இருக்கும். பசியால் இறந்ததன்று, வற்றி இறந்தது என்பதற்கு அதுவே சான்று.

குடற்சுவர் பழுதுபடாமையின் ஓர் ஆறுதலும் உண்டு. சர்க்கரையுடன் சேர்ந்து உப்பு உட்புகும் தனிவழியை இந்நஞ்சு அடைப்பதில்லை. 1971-இல் வங்க எல்லையிலுள்ள பொன்காவ் அகதி முகாமில் திலிப் மகலனாபிஸ் என்னும் மருத்துவர் வாந்திபேதி கண்ட மக்களுக்கு உப்புச் சர்க்கரைக் கரைசலை வாய்வழிப் புகட்டிப் பல்லாயிரவரைக் காத்தது இவ்வழியேயாம். குருளைக்கும் அதுவே முதலுதவி. ஆனால் உப்பளங்கள் சூழ்ந்த மரக்காணக் கரையோர்க்கு ஒரு சொல்: கையால் அள்ளிப்போட்ட உப்பு மருந்தாகாது. உப்பு மிகினும் குடிநீர் குறையினும் மூளை பாதிக்கப்பட்டுச் சாகும் உயிர்களுட் பன்றி முன்னிற்பது. மனிதருக்கென மருந்தகத்தில் விற்கும் கரைசற் பொடியைக் குறித்த அளவு நல்ல தண்ணீரிற் கரைத்தலே தக்கது; அதன்பின் பக்கத்திலே தூய குடிநீரும் இருத்தல்வேண்டும்.

இரண்டாவது பகைவன் கிளாஸ்டிரிடியம் பெர்ஃபிரிஞ்சென்ஸ். காற்றில்லா இடத்தில் வாழ்வது. தீய காலத்தில் தடித்த உறைபூண்டு வித்தாகி மண்ணிலும் சாணத்திலும் நெடுங்காலம் கிடப்பது. இதன் சி-வகையால் குருளைகட்கு வரும் குடலழுகல் நோயை 1955-இல் ஹங்கேரியிலும் இங்கிலாந்திலும் முதன்முதல் விவரித்தனர். ஈ-கோலிக் கழிச்சல் நீராகவும் வெளிர்மஞ்சளாகவும் போகும். இதிலோ பிறந்து ஒன்றிரண்டு நாளுக்குள் இரத்தம் கலந்து போகும். சிறுகுடலின் நடுப்பகுதி கருஞ்சிவப்பாய் மாறி, உட்சுவர் செத்து உரியும். இதற்கு ஆட்பட்ட குட்டி பிழைத்தல் அரிதினும் அரிது.

இவ்விடத்து இயற்கையின் முரண் ஒன்றை எடுத்துக்காட்டாமல் இருத்தல் எம்மால் இயலவில்லை. இந்நோய் செய்யும் பீட்டா நஞ்சு ஒரு புரதம். டிரிப்சின் என்னும் செரிமான நீர் பட்டால் அது சிதைந்து போகும். வளர்ந்த பன்றிக்கு இந்நோய் அரிதாவதற்கு இஃதொரு காரணம். ஆனால் சீம்பாலில் டிரிப்சினைத் தடுக்கும் பொருள் ஒன்று இயற்கையாகவே கலந்துளது. எதற்கெனின், சீம்பாலின் எதிர்ப்பொருள்களும் புரதமாதலின் அவை செரித்துப் போகாமற் காக்க. காவலனைக் காக்க வந்த அதுவே கள்வனையும் காத்துவிடுகின்றது! தாய்க்கு முன்னமே தடுப்பூசி போட்டு, சீம்பாலில் இந்நஞ்சுக்குரிய எதிர்ப்பொருள் இருப்பின் குட்டி தப்பும். இல்லையேல் சீம்பாலே நஞ்சுக்கு அரணாய்விடும். மக்களிடத்தும் இதற்கு ஒப்புமை உண்டு. பாப்புவா நியூகினி மலைநாட்டில், வள்ளிக்கிழங்கே உணவாகக்கொண்டு, விழாக்களில் மாத்திரம் பன்றியிறைச்சியை மிகுதியாக உண்ட மக்களின் சிறார் இதே சி-வகைக் கிருமியால் குடலழுகி மாண்டனர். வள்ளிக்கிழங்கிலும் டிரிப்சினைத் தடுக்கும் பொருள் உண்டென்பது 1960-களில் நடந்த ஆராய்ச்சிகளின் பின் தெளிந்தது.

இக்கிருமியின் ஏ-வகையும் கழிச்சல் செய்வதாகக் கூறுவர். ஆனால் நலமுள்ள குட்டியின் குடலிலும் அது இருத்தலின், கண்டவுடன் குற்றவாளி என்று தீர்ப்பது நேர்மையன்று. மூன்றாவதாக இந்நூற்றாண்டில் மிகுதியும் பேசப்படுவது கிளாஸ்டிரிடியாய்ட்ஸ் டிஃபிசைல். 1935-இல் மக்கட் குழவிகளின் மலத்திலிருந்து முதலிற் பிரித்தெடுக்கப்பட்ட இது, பெருங்குடலைத் தாக்கி, அதன் மடிப்புக்களிடையே நீர்கோத்து வீங்கச் செய்யும். குடலிலுள்ள நற்கிருமிகளை மருந்தால் அழித்தவிடத்து இது தலையெடுத்தல் எளிது. எனவே கழிச்சலை நிறுத்தவென்று கொடுத்த மருந்தே வேறொரு கழிச்சலுக்கு வாயில் திறத்தலும் கூடும்.

மருந்தைப்பற்றிய இப்பேச்சே எம் கட்டுரையின் நடுப்பொருள். நாட்டுப்புறத்திற் கழிச்சலுக்கு நிறத்தால் பெயரிடுவது வழக்கம். வெள்ளைக் கழிச்சல் என்ற பெயரைக் கோழி வளர்ப்போர் எடுத்தாளும்போது அது இராணிக்கெட் என்னும் வைரஸ் நோய். பன்றிக்குட்டியிடத்து வெண்மையாய்ப் போவதற்கு அந்நோயோடு யாதொரு தொடர்பும் இல்லை. குட்டிகளிலேயே ரோட்டா வைரஸும், ஐந்தாறு நாளுக்குப்பின் காக்சிடியா என்னும் ஒட்டுயிரியும் இதே மஞ்சட் கழிச்சலைத் தரும். வைரஸை நுண்ணுயிர்க்கொல்லி மருந்து தொடவே தொடாது. பெயரை மட்டும் சொல்லிக் கடையில் மருந்து வாங்குவோர் இருட்டில் கல்லெறிவாரை ஒப்பர். எளிய குறிப்பொன்று மருத்துவர் கூறுவர்: லிட்மஸ் தாளைப் புதுக்கழிச்சலில் தோய்த்தால், ஈ-கோலியாயின் காரத்தன்மையால் தாள் நீலமாகும், குடற்சுவர் கெட்டுப் பால் செரியாமற் போகும் வைரஸ் நோயிற் பெரும்பாலும் சிவக்கும். இது துணையாகுமேயன்றி முடிவாகாது.

குருட்டு மருந்தின் கேடு கொட்டகையோடு நிற்பதன்று. கொலிஸ்டின் என்னும் மருந்து ஈ-கோலி இனத்தை அழிக்க உலகெங்கும் பன்றிப் பண்ணைகளிற் பெருவாரியாய் வழங்கிவந்தது. மனித மருத்துவத்திலோ, பிற மருந்துகள் தோற்றவிடத்துக் கடைசியாக எடுக்கும் படைக்கலம் அது. 2015-இல் சீனாவில், பன்றியினின்று எடுத்த ஈ-கோலியில், கொலிஸ்டினை வெல்லும் மரபுத்துணுக்கு ஒன்று பிளாஸ்மிட்டில் அமைந்திருப்பதைக் கண்டனர். முன்னே கூறிய நாரும் நஞ்சும்போலவே இத்திறமையும் ஒரு கிருமியினின்று மற்றொரு கிருமிக்குத் தாவ வல்லது. பன்றியின் கிருமியினின்று மனிதரின் கிருமிக்கும் தாவலாம். நம் மத்திய அரசு 2019 ஜூலையில், உணவுக்காக வளர்க்கும் விலங்கு, கோழி, மீன் முதலியவற்றுக்குக் கொலிஸ்டின் மருந்தைச் செய்தலையும் விற்றலையும் தடைசெய்தது. நல்ல சட்டம். ஆயினும் சட்டம் ஒரு மருந்தின் பெயரைத் தடுக்கும். அரைகுறை அளவில், அரைகுறை நாளுக்கு, அறியாத நோய்க்கு ஊசி போடும் வழக்கத்தைத் தடுக்க வல்லதன்று.

இனி எம் கரையை நோக்குவோம். புதுச்சேரிக்கு வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில், சவுக்கும் முந்திரியும் தழைத்த மணற்பாங்கில் உள்ளது பொம்மையார்பாளையம். சாலைவழி இன்னும் வடக்கே சென்றால் மரக்காணத்து உப்பளங்கள். இங்கொருவர் பத்துப் பிணவுகளோடு பண்ணை தொடங்குகின்றார் என்று கொள்வோம். ஆண்டுக்கு இருமுறை, ஈற்றுக்கு ஒன்பது குட்டி எனின் 180 குட்டிகள். ஈற்றுக்கு மூன்று கழிச்சலில் மடியின் 60 போயின. தாய் தின்ற தீனியிலோ, கொட்டகைக் கடனிலோ ஒரு காசும் குறையாது. எஞ்சிய குட்டிகளே அத்தனையையும் சுமத்தல்வேண்டும். அறுபதைக் காப்பதும் இழப்பதும் அவர் பிள்ளைகளின் கல்லூரிச் சம்பளம் என்று சொல்லினும் மிகையாகாது.

அவர் செய்யும் பிழை பெரும்பாலும் எதுவாயிருக்கும்? இந்த வெயில் நாட்டிற் குட்டிக்குக் குளிரேது என்று எண்ணுவதே. பிறந்த குருளைக்கு 32 முதல் 34 பாகை வெப்பம் வேண்டும். உடலிற் கொழுப்பில்லை, மேலே மயிருமில்லை, பிறக்கும்போதே நனைந்து பிறக்கின்றது. ஐப்பசி கார்த்திகை அடைமழை இரவில், கடற்காற்று வீசும் ஈரச் சிமெண்டுத் தரையில், 25 பாகை நமக்கு இதமாயிருக்கும், அதற்கோ உறைபனி. குளிர்ந்த குட்டி மடியைத் தேடிச் செல்லாது, சீம்பாலை இழக்கும். அன்றியும் வெப்பம் 25 பாகைக்குக் கீழ் இறங்கின் அதன் குடலசைவு தளர்ந்து, கிருமிகள் வெளியேறாமல் தங்கிப் பெருகும். தாய்க்கோ அவ்வெப்பமே மிகை. அதற்கு 20 பாகையளவு போதும். ஒரே அறையில் இரண்டு பருவங்களை அமைக்கவேண்டியிருத்தலே பன்றி வளர்ப்பின் அருமை. மூலையில் ஒரு மரப்பெட்டி, அதனுள் உலர்ந்த வைக்கோல், மேலே ஒரு மின்விளக்கு: இவ்வளவிற்கு ஆகும் செலவு ஒருநாள் ஊசிமருந்துச் செலவினும் மிகுதியன்று.

ஈன்ற அறையை அடுத்த ஈற்றுக்குமுன் ஒழித்துக் கழுவி, சுண்ணாம்படித்து, சில நாள் உலரவிடுதல் வேண்டும். கழுவியபின் உலராத தரை கழுவாத தரையினும் பெரிது மேம்பட்டதன்று. ஈ-கோலிக்கு ஈரமே உயிர். தாய்ப்பன்றியை ஈனும் அறைக்குக் கொணருமுன் மடியையும் பின்னுடலையும் சவர்க்காரமிட்டுக் கழுவல்வேண்டும், ஏனெனின் குட்டியின் வாய் முதலிற் படுவது அங்கேதான். ஈ-கோலிக்கும் சி-வகைக்கும் உரிய தடுப்பூசி கிட்டுமாயின் தாய்க்கே போடுவர்: ஈனுதற்கு ஐந்தாறு வாரம் முன் ஒருமுறை, இரண்டு மூன்று வாரம் முன் ஒருமுறை. பன்னிரண்டு குட்டியிருப்பின், முந்திக் குடித்துக் கொழுத்தவற்றைச் சிறிது நேரம் பெட்டியில் அடைத்து, நோஞ்சான்களை மடிக்கு விடுதல் ஒரு காசும் செலவில்லாத மருத்துவம்.

இத்தனைக்கும் பின் நோய் வரின், எக்கிருமி என்று அறிந்தே மருந்திடல் வேண்டும். பொம்மையார்பாளையத்தார்க்கு இதற்காக நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. புதுச்சேரிக் குரும்பாப்பேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி உள்ளது. சென்னைப் பக்கத்தார்க்குக் காட்டுப்பாக்கம் ஆராய்ச்சி நிலையம் உண்டு. கொண்டு செல்லவேண்டியது நாட்பட்டு நாறிய பிணமன்று. அறையின் வெயிலில் அரைநாள் கிடந்த குட்டியின் குடலில் எல்லாக் கிருமியும் பெருகியிருக்கும். அதைக்கொண்டு யாரும் எதுவும் சொல்ல இயலாது. கழிச்சல் தொடங்கிச் சில மணி நேரமே ஆன, மருந்து ஏதும் படாத, உயிருள்ள குட்டி இரண்டொன்றைச் சாக்கு விரித்த பெட்டியில் வைத்து, ஈன்ற நாள், தாய்க்குப் போட்ட ஊசி, எத்தனை குட்டியில் எத்தனைக்கு நோய் என்பவற்றை ஒரு தாளில் எழுதி, அன்று காலையிலேயே கொண்டு செல்லல்வேண்டும்.